கண்ணகியைச் சல்லடையில் போடலாமா?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முத்துக்களைப் பருமன்வாரியாகப் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. துளையைவிட மயிரிழை சிறிய முத்து கீழே விழும். மயிரிழை பெரியது மேலே தங்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனாலும் வேறு வேறு வகை!

மனிதர் குணத்தையும் இப்படிச் சலித்துப் பார்த்தவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1921-இல் அகமுகி, புறமுகி என்ற பிரிவுகளை விளக்கினார். பிறகு அமெரிக்காவில் பிரிக்ஸ், மயர்ஸ் என்னும் தாயும் மகளும் அதை 16 வகைகளாக விரித்தார்கள்.

சிலப்பதிகாரக் கண்ணகியை இதில் போட்டுப் பாருங்கள். மணமானபோது அவளுக்கு வயது 12, உங்களைவிடச் சிறியவள்! கோவலன் மாதவியிடம் போனபோது புகாரில் வீட்டோடு அடங்கியிருக்கிறாள். அகமுகி என்பீர்கள். அவளே மதுரை அரசவையில் பாண்டியனோடு வழக்காடிச் சிலம்பை உடைக்கிறாள். இப்போது என்ன சொல்வீர்கள்? (அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. வாயிற்காவலன் பாண்டியனைக் கொற்கை வேந்தே என்றுதான் அழைக்கிறான். கொற்கை நம் தூத்துக்குடிப் பக்கம்தான்.)

சூழ்நிலை மாறினால் நடத்தையும் மாறும். மேலும், பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் நடுவில், துளையின் விளிம்பருகே நிற்பவர்கள். அதனால் சில வாரம் கழித்து அதே வினாக்களுக்கு விடை எழுதும் பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. எனவே இன்றைய ஆய்வாளர் பலர் வகை பிரிக்காமல், ஐந்து பண்புகளை அளவுகோலில் அளக்கிறார்கள். 'அவள் கூச்சக்காரி' என்று பேச்சுப் போட்டிக்கு ஒருத்தியை விட்டுவிடுகிறோமே, அதுவும் சல்லடைதான்.

நீங்களும் சோதிக்கலாம். 'புதியவரிடம் நானே முதலில் பேசுவேன்' என்பது போன்ற பத்து வாக்கியங்கள் எழுதி, உங்களுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுங்கள். ஒரு மாதம் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் மறுபடியும் இடுங்கள்.