பேக்கப் ஏன் திடீரென்று பெருத்தது? காரணமான ஃபைலைக் கண்டுபிடிப்பது எப்படி

ஓசூர் சிப்காட் பக்கம் சிறிய பட்டறை நடத்துகிறீர்களா? கிருஷ்ணகிரி, பர்கூர், சூளகிரி பகுதியில் இ-சேவை மையம் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் கணினியில் இருப்பது உங்களுடைய தகவல் மட்டும் அல்ல. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த டிராயிங், ஜிஎஸ்டி கணக்கு, பொதுமக்களின் சான்றிதழ் நகல் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வானாக்ரை போல, கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்துவிட்டால், தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்த பேக்கப்தான் கைகொடுக்கும்.

ஆனால் ஒரு நாள் "டிஸ்க்கில் இடம் இல்லை" என்று திரையில் வந்து நிற்கும். போன மாதம் வரை சரியாகத்தானே இருந்தது? அப்போது பலரும் செய்வது இரண்டு. ஒன்று, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பேக்கப் எடுப்பதையே நிறுத்திவிடுவார்கள். இரண்டு, "பழைய பில்லுதானே, அழிச்சிடலாம்" என்று கண்ணில் பட்டதை அழிப்பார்கள். இரண்டுமே ஆபத்து. இடத்தைப் பிடிப்பது எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

பில்களில் கை வைக்காதீர்கள்

நம் எல்லைப் பகுதியில் பில்கள் அதிகம்தான். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகம். ஜிகனி, பொம்மசந்திரா நிறுவனங்களுக்குச் சரக்கு போனால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. அங்குள்ள நிறுவனம் ஓசூர் பட்டறைக்கு ஜாப் ஒர்க்குக்காகப் பொருள் அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். ஆகவே பிடிஎஃப் ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் சேரும்.

எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பில் 100 கேபி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 பில் சேர்ந்தாலும் சுமார் 1 ஜிபிதான். அதை அழித்து மிச்சமாவது ஒன்றுமில்லை, இழப்பதோ பெரிது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2024-25 நிதியாண்டுக் கணக்கு என்றால் 2031 டிசம்பர் 31 வரை. வழக்கோ மேல்முறையீடோ நடந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டி வரும்.

பெரிய ஃபைல் வேறு, பேக்கப்பைப் பெருக்கும் ஃபைல் வேறு

இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. பேக்கப் மென்பொருள்களில் பல, முதல் முறை எல்லாவற்றையும் நகல் எடுக்கும். அடுத்த முறையில் இருந்து, மாறிய ஃபைல்களை மட்டும் எடுக்கும். பழைய நகலையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளும்.

ஒரு பட்டறையில் முடிந்துபோன ஆர்டர்களின் டிராயிங் 40 ஜிபி இருக்கிறது. யாரும் அதைத் திறப்பதில்லை. அது ஒரே ஒரு முறைதான் நகலாகும். அதே கணினியில் மெயில் எல்லாம் சேர்ந்த ஒரே ஃபைல் 4 ஜிபி இருக்கிறது. தினமும் நாலு மெயில் வந்தாலும் அந்த ஃபைல் 'மாறியது' என்று ஆகிவிடும். மாறிய பகுதியை மட்டும் எடுக்கத் தெரியாத மென்பொருள் என்றால், தினமும் 4 ஜிபியையும் முழுசாக எடுக்கும். 30 நாளில் 120 ஜிபி! ஆக, இடத்தைத் தின்றது 40 ஜிபி டிராயிங் அல்ல, 4 ஜிபி மெயில் ஃபைல்தான்.

அதனால் கேள்வியும் இரண்டாக இருக்க வேண்டும். எது பெரியது? எது அடிக்கடி மாறுகிறது?

தேடும் முறை

1. பேக்கப் ஆகும் ஃபோல்டரைத் திறந்து, தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி (*) போட்டுத் தேடுங்கள். 'சர்ச் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஹ்யூஜ்' என்றால் 1 முதல் 4 ஜிபி வரை. 'ஜைகாண்டிக்' என்றால் 4 ஜிபிக்கு மேல். பெரிய ஃபைல்கள் வரிசையாக வந்துவிடும்.

2. அதே இடத்தில் 'டேட் மாடிஃபைட்' என்பதில் 'டுடே' கொடுத்துத் தேடுங்கள். இன்று மாறியவை வரும். அவற்றைச் சைஸ்படி வரிசைப்படுத்துங்கள். இரண்டு பட்டியலிலும் இருக்கும் ஃபைல்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியது.

3. ஃபோல்டர் வாரியாகப் பார்க்க, 'விண்டிர்ஸ்டாட்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலையும் அதன் அளவுக்கு ஏற்ற வண்ணக் கட்டமாகக் காட்டும். அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள்.

4. இப்போது பேக்கப் டிஸ்க்கையும் இதே மாதிரி பாருங்கள். கணினியில் ஒரே ஒரு ஃபைல், டிஸ்க்கில் அதற்கு முப்பது நகல் என்றால், விஷயம் புரிந்துவிட்டது. விண்டோஸின் 'ஃபைல் ஹிஸ்டரி'யை நாம் மாற்றாமல் விட்டால், பழைய நகல்களை எப்போதைக்குமாக வைத்துக்கொள்ளும். அதன் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பகுதியில், எத்தனை மாதம் வைக்க வேண்டும் என்று மாற்றலாம்.

வழக்கமாகச் சிக்குபவை

பேக்கப்புக்குள் பேக்கப்: டேலியில் எடுத்த பேக்கப்பைத் தேதி போட்ட ஃபோல்டர்களில் அதே கணினியில் சேர்த்து வைத்தால், அதுவும் மறுபடி பேக்கப் ஆகும்.

டிராயிங்கின் நிழல்: ஆட்டோகேட், ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் முந்தைய நிலையை 'பி.ஏ.கே' என்று முடியும் ஃபைலாக வைக்கும். கிட்டத்தட்ட எல்லா டிராயிங்கும் இரண்டு முறை இருக்கும். ஆர்டர் முடிந்த பிறகு இவற்றைப் பேக்கப்பில் இருந்து விலக்கலாம்.

பெயர் மாற்றிய ஃபோல்டர்: பெரிய ஃபோல்டரின் பெயரையோ இடத்தையோ மாற்றினால், பல மென்பொருள்கள் அதைப் புதிது என்று நினைத்து முழுசாக மறுபடி எடுக்கும்.

ஸ்கேன்: 200 டிபிஐக்குப் பதில் 600 டிபிஐ வைத்தால் புள்ளிகள் மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு ஆகும். விண்ணப்பத்துக்குத் தேவையான அளவு எதுவோ அதை மட்டும் வையுங்கள்.

மக்களின் ஆவணம் உங்கள் டிஸ்க்கில் ஏன்?

இ-சேவை மையங்களில் 'டவுன்லோட்ஸ்', 'ஸ்கேன்ஸ்' ஃபோல்டர்களைத் திறந்து பாருங்கள். ஆதார், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் என்று எப்போதோ வந்துபோனவர்களின் நகல்கள் கிடக்கலாம். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் உள்ளூர் மக்களோடு, வேலைக்காக வெளிமாநிலத்தில் இருந்து வந்தவர்களும் ஆவணத்தோடு மையத்துக்கு வருகிறார்கள். அந்த நகல்கள் பேக்கப்பில் ஏறினால் இடம் மட்டும் அல்ல, ஆபத்தும் சேரும். டிஸ்க் தொலைந்தால் அத்தனை பேரின் ஆவணமும் வெளியே போகும்.

எந்த வேலைக்காகத் தகவலை வாங்கினோமோ அது முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதபட்சத்தில், அதை நீக்கிவிட வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலை. எனவே விண்ணப்பம் முடிவுக்கு வந்ததும் நகலை நீக்குங்கள். 'ரீசைக்கிள் பின்'னையும் காலி செய்யுங்கள். பேக்கப் டிஸ்க்கில் உள்ள பழைய நகலையும் மறக்காதீர்கள்.

அழிக்கும் முன்

கண்டுபிடித்ததை எல்லாம் அழிக்க வேண்டும் என்பதில்லை. மாறாத பழைய டிராயிங்கை வேறு டிஸ்க்குக்கு மாற்றலாம். மெயிலை ஆண்டு வாரியாகப் பிரித்தால், தினமும் மாறும் ஃபைல் சிறிதாகிவிடும். தேவையற்ற ஃபோல்டரைப் பேக்கப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம். கணக்கு சம்பந்தப்பட்ட எதையும் ஆடிட்டரைக் கேட்காமல் நீக்க வேண்டாம். பெயர் புரியாத சிஸ்டம் ஃபைல்களைத் தொடவே வேண்டாம்.

வேலை முடிந்ததும் பேக்கப்பில் இருந்து ஒரு பில்லையும் ஒரு டிராயிங்கையும் வேறு ஃபோல்டருக்கு எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். பிறகு டிஸ்க்கைக் கணினியில் இருந்து கழற்றி, பூட்டி வையுங்கள். மாட்டியபடியே விட்டால், கணினியைப் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மாதம் ஒரு முறை, ஜிஎஸ்டி தாக்கல் முடிந்த மறுநாள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். டிஸ்க் நிரம்பும் முன்பே காரணம் தெரிந்துவிடும்.