கரிசல் ஊரில் ஸ்பானிஷ் வகுப்பு

கரிசல் ஊரான திருவேங்கடத்தின் கடைத்தெருவில் தமிழ் பேசும் பலர், வீட்டுக்குள் நுழைந்ததும் தெலுங்குக்கு மாறிவிடுவார்கள். மேற்கே செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தது. அந்தப் பக்கம் மலையாளம் புதிதல்ல. பிழைப்புக்காக வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இப்படிக் கலந்த வகுப்பில் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாக மட்டுமே நடத்துவது பெரிய இழப்பு.

முதலில், யார் வீட்டில் என்ன மொழி என்று ஆசிரியர் அறிய வேண்டும். "தெலுங்கு பேசுறவங்க எந்திரிங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது. இங்கே வீட்டு மொழி சாதியைக் காட்டிக்கொடுத்துவிடும். விருப்பமுள்ளவர்கள் தாளில் எழுதித் தந்தால் போதும்.

அடுத்தது ஓசை. ஸ்பானிஷின் உயிரொலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. ஒரே நாளில் முடித்துவிடலாம். 'பெரோ' என்றால் 'ஆனால்'. நாக்கை உருட்டி 'பெறோ' என்றால் 'நாய்'. மலையாளம் பேசும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு எளிது. அவரையே சொல்லிக்காட்ட விடலாம்.

முதல் சொற்களை வயலிலிருந்தே எடுக்கலாம். மக்காச்சோளம், மிளகாய், தக்காளி மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர்கள். மெக்சிகோவில் அவை மயீஸ், சிலே, ஹித்தோமாத்தே.

பிறகுதான் முக்கியமான பாடம். ஆங்கிலத்தின் 'ஐ லைக்' வழியாக வரும் மாணவர் 'யோ குஸ்தோ' என்று தவறாகத் தொடங்குவார். சரியானது 'மே குஸ்தா லா தோசா'. கரும்பலகையில் அதன் கீழே நான்கு வரிகளைப் பிள்ளைகளே எழுதட்டும்: 'எனக்கு தோசை பிடிக்கும்', 'நாக்கு தோச இஷ்டம்', 'எனிக்கு தோச இஷ்டமாணு', 'முஜே தோசா பசந்த் ஹை'. ஐந்து மொழியிலும் 'எனக்கு' என்ற அமைப்புத்தான். இலக்கண விளக்கம் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பது தமிழ், தெலுங்குப் பிள்ளைகளைத் திணறடிக்கும். இந்தி பேசும் பிள்ளைக்கு அது பழக்கம். மேசை இந்தியிலும் பெண்பால், ஸ்பானிஷிலும் பெண்பால். வகுப்பில் ஒதுங்கி உட்காரும் அந்தப் பிள்ளை, அன்றைக்கு மற்றவர்களுக்குச் சொல்லித்தரலாம்.

'நீ', 'நீங்கள்' போல ஸ்பானிஷில் 'தூ', 'உஸ்தேத்' உண்டு. எனினும் நாட்டுக்கு நாடு வழக்கு மாறும். கொலம்பியாவின் பொகோத்தாவில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்தேத்' என்பவர்கள் பலர்.

ஓரளவு தேறியவர்களுக்குத் தேலே (DELE) என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வு இருக்கிறது. 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களுக்கென்றே அதில் தனிப்பிரிவு உண்டு. அதை நடத்தும் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் மையம் 2009 முதல் புதுதில்லியில் இயங்குகிறது; விவரங்களை அங்கே கேட்டறியலாம்.