மதர்போர்டுக்குள் மறைந்திருக்கும் செம்பு ஏடுகள்

கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து மதர்போர்டைப் பார்த்திருக்கிறீர்களா? போர்டின் மேல் மெல்லிய கோடுகள் நெளிந்து ஓடும். இவற்றை டிராக் என்பார்கள். சிக்னல்கள் இவற்றின் வழியாகத்தான் செல்கின்றன. "கோடு இல்லாத இடம் காலி இடம்தானே? கேபினெட்டில் ஸ்குரூ சரியாக உட்காராவிட்டால் அங்கே ஓர் ஓட்டை போடலாமா?" என்று என்னிடம் சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. காரணத்தைப் பார்ப்போம்.

மதர்போர்டின் தடிமன் பெரும்பாலும் 1.6 மி.மீ. தான். ஆனால் அது ஒற்றைப் பலகை அல்ல. கண்ணாடி இழைத் தகடுகளும் செம்பு ஏடுகளும் மாறி மாறி அடுக்கி ஒட்டப்பட்டவை. நான்கு லேயர் போர்டில் வழக்கமான வரிசை இது:

1. மேல் லேயர் – சிக்னல்
2. இரண்டாம் லேயர் – கிரவுண்ட்
3. மூன்றாம் லேயர் – பவர்
4. கீழ் லேயர் – சிக்னல்

நடுவில் உள்ள இரண்டும் நம் கண்ணுக்குத் தெரியாது. இவை கோடுகள் அல்ல. போர்டு முழுவதும் விரிந்த செம்பு ஏடுகள்.

பவருக்கு இவ்வளவு செம்பு எதற்கு? ஒரு சிறு கணக்கு போடுவோம். பிராசசர் 1.2 வோல்ட்டில் 65 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 65-ஐ 1.2-ஆல் வகுத்தால் சுமார் 54 ஆம்பியர்! வீட்டில் ஏ.சி.க்குப் போடும் பெரிய பிளக் பாயின்ட்டே 15 அல்லது 16 ஆம்பியர்தான். மெல்லிய டிராக் இதைத் தாங்காது; சூடாகும், வோல்ட்டேஜும் குறையும். 1.2 வோல்ட்டில் 0.1 வோல்ட் குறைந்தாலே கம்ப்யூட்டர் ஹேங் ஆகலாம்.

அடுத்தது கிரவுண்ட். போன மின்சாரம் திரும்பி வர வேண்டுமல்லவா? 24 பின் பவர் கனெக்டரில் கறுப்பு வயர்களை எண்ணிப் பாருங்கள், 8 இருக்கும். எல்லாமே கிரவுண்ட்தான். வேகமான சிக்னல் ஒரு டிராக்கில் போகும்போது, திரும்பும் மின்சாரம் அதற்கு நேர் கீழே கிரவுண்ட் லேயரில் நிழல் போல வருகிறது. அங்கே வெட்டு இருந்தால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்தச் சுற்றுவழி ஏரியல் போல வேலை செய்து பக்கத்துச் சிக்னலையும் கெடுக்கும். எனவே கிரவுண்ட் லேயரை வெட்டாமல் வைப்பதே போர்டு வடிவமைப்பவரின் முதல் கவனம். பவர் லேயரை மட்டும் 12, 5, 3.3 வோல்ட்டுகளுக்காக வயலில் பாத்தி கட்டுவது போலப் பிரிப்பார்கள்.

ஒவ்வொரு சிப்புக்கும் அருகில் கடுகளவு கபாசிட்டர்கள் இருப்பதைக் கவனியுங்கள். குழாயில் தண்ணீர் வரும்வரை அவசரத்துக்கு மொண்டுகொள்ள வைத்திருக்கும் குடம் போன்றவை இவை. சிப் திடீரென்று கேட்கும் மின்சாரத்தை உடனே தருகின்றன.

சில விளம்பரங்களில் "2 அவுன்ஸ் காப்பர்" என்று பார்க்கலாம். கிகாபைட் நிறுவனம் 2008-ல் இதைத் தன் போர்டுகளின் பவர், கிரவுண்ட் லேயர்களில் கொண்டுவந்தது. ஒரு சதுர அடியில் 1 அவுன்ஸ் செம்பைப் பரப்பினால் சுமார் 35 மைக்ரான் தடிமன் வரும். 2 அவுன்ஸ் என்றால் 70 மைக்ரான், மின்தடை பாதியாகும்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை:

* போர்டில் புதிதாக ஓட்டை போடாதீர்கள். டிரில் நுழைந்தால் உள்ளே பவரும் கிரவுண்டும் ஒட்டி ஷார்ட் ஆகலாம். வெளியே எதுவும் தெரியாது.
* போர்டில் துளை உள்ள இடங்களுக்கு நேராக மட்டும் கேபினெட்டில் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் பொருத்துங்கள். கூடுதலாக ஒன்று இருந்தால் போர்டின் அடியில் இடித்து ஷார்ட் ஆக்கிவிடும்.
* ஸ்குரூவை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். போர்டு வளைந்தால் உள்ளே இணைப்புகள் விரிசல் விடலாம்.

கேபினெட் பொருந்தவில்லை என்றால் வேறு கேபினெட் வாங்கிக்கொள்ளலாம். போர்டுக்குள் கெட்டுப்போன லேயரை மாற்ற வழியே இல்லை.