நாபோத்தின் தோட்டமும் ஊவா மண்ணும்



ஓர் அரசன் கொடியவன் என்பதற்காக இன்னொரு நாடு அவன் நாட்டின்மீது படையெடுக்கலாமா? போர்ச் செய்தி வரும்போதெல்லாம் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது.

விவிலியத்தில் ஆகாப் அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின்மீது ஆசை கொண்டான். நாபோத் கொடுக்க மறுத்தான். அவன்மேல் பொய்க்குற்றம் சுமத்திக் கொன்றார்கள். தோட்டம் அரசன் கைக்குப் போயிற்று. நாபோத் குற்றமற்றவன். குற்றமுள்ளவனுடைய நாடென்றால் பறிக்கலாமோ? நாம் கொழுந்து பறிக்கும் இந்த ஊவா மண்ணே அதற்குப் பதில் சொல்லும்.

1815ஆம் ஆண்டு ஆங்கிலத் தேசாதிபதி பிரவுண்ரிக் கண்டி இராச்சியத்தின்மீது படை நடத்தினார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடுமையிலிருந்து மக்களை விடுவிக்கவே வருகிறோம் என்றார். அரசன் கொடுமை செய்தது பொய்யன்று. பிரதானிகள் பலரும் அவனை வெறுத்தார்கள். ஆனால் விடுவிக்க வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. மார்ச் 2ஆம் நாள் ஒப்பந்தத்தால் இராச்சியம் ஆங்கில முடிக்குச் சொந்தமாயிற்று. அரசன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான்.

1817இல் ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தெழுந்தன. அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல திசாவையே மக்கள் பக்கம் சேர்ந்தார். ஆங்கிலப் படை வீடுகளையும் நெல்லையும் எரித்தது, கால்நடைகளை அழித்தது. 1818 நவம்பர் 26ஆம் நாள் கெப்பெட்டிப்பொல தலை வெட்டப்பட்டு மாண்டார். நூறாயிரம் வயல் என்று பொருள்படும் பெயருடைய வெல்லஸ்ஸ பாழாயிற்று.

இதைத் திருச்சபையின் போதனையால் நிறுத்துப் பாருங்கள். போர் நீதியாக இருக்க மூன்று வேண்டும் என்றார் புனித தோமஸ் அக்குவினாஸ்: உரிய அதிகாரம், நீதியான காரணம், நேரிய நோக்கம். வேறு வழிகள் எல்லாம் பயனற்றுப் போயிருக்க வேண்டும், போரால் விளையும் தீமை நீக்கப்படும் தீமையை விஞ்சக் கூடாது என்றும் 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி கூறுகிறது. காரணம் ஒருவேளை உண்டென்றே வைத்துக்கொள்வோம். நாட்டைத் தமதாக்கியபோது நோக்கம் வெளிப்பட்டது. ஊவா எரிந்தபோது தீமையின் அளவும் தெரிந்தது.

அந்நாளில் நாடு பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் இருக்கவில்லை. இன்று உண்டு. 1945ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனம் பிற நாட்டின்மீது படைபலம் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. தாக்கப்பட்ட நாடு தன்னைக் காத்துக்கொள்வதும், பாதுகாப்புச் சபை அனுமதிப்பதுமே விதிவிலக்கு. இலங்கை 1955இல் அதில் சேர்ந்தது. ஆயினும் 2003இல் அமெரிக்காவும் நேச நாடுகளும் ஈராக்கில் நுழைந்தன. பேரழிவு ஆயுதம் உண்டு என்றார்கள். கொடுங்கோலனை அகற்றுவோம் என்றார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அந்தப் போர் வேண்டாமென்று மன்றாடினார். சொன்ன ஆயுதங்கள் அங்கே கிடைக்கவில்லை.

நம் முன்னோர் இந்த மலைக்குப் படையோடு வரவில்லை, பசியோடு வந்தார்கள். ஆனாலும் 1840ஆம் ஆண்டின் சட்டம் காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாக்கிய பிறகே தோட்டங்கள் பெருகின. அயல் கிராமத்துச் சிங்களச் சகோதரனின் பழைய காயத்தை அறிவது நம் கடமை. நம் லயத்து வறுமையும் அதே வரலாற்றின் பிள்ளைதான். அதை அவனுக்கு எடுத்துச் சொல்வதும் நம் கடமை.

இன்றிரவு செபமாலைக்குப் பின் பிள்ளைகளோடு பேசுங்கள். எந்தப் போர்ச் செய்தி வந்தாலும் மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள்: யார் அனுமதித்தார்? எதற்காகப் போனார்கள்? போனவர்கள் நாட்டை மக்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்களா?