சக்கர நாற்காலியும் போகும் பாதை



போடியிலிருந்து போடிமெட்டுக்குப் பஸ் எப்படி ஏறுது? 17 கொண்டை ஊசி வளைவுகளால்தான். பாதையை வளைச்சு நீளமாக்கினால் ஏற்றம் குறையும். அறிவியலில் படிக்கும் சாய்தளம் இதுதான். சக்கர நாற்காலிக்கும் இதே கணக்கு: 1 அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும்.

இயற்கையைப் பார்க்கப் போகும் பாதைக்கு வேண்டியவை:

1. காட்டில்: படிக்கட்டுக்குப் பதில் சரிவு. வேரும் கல்லும் தட்டாத தரை.
2. கண்மாய், சதுப்பு நிலத்தில்: தூண்கள் மேல் பலகைப் பாதை. சக்கரம் சேற்றில் புதையாது. அடியில் தண்ணீரும் தவளையும் தடையில்லாமல் போகும்.
3. ஓரத்தில் கைப்பிடி. உட்கார்ந்திருப்பவர் பார்வையை அது மறைக்கக் கூடாது.

சென்னை மெரினாவில் 27.11.2022 அன்று மணல் மேல் மரப்பாதை திறந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலியிலேயே அலைப் பக்கம் போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் பாதை சேதமானது. பிறகு சரிசெய்தார்கள். ஆகவே போட்டால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும்.

நம்ம மீனாட்சியம்மன் கண்மாய்க் கரையிலும் இப்படி ஒரு பாதை வந்தால், நடக்க முடியாத பிள்ளைகளிடம் "நீ வீட்டிலேயே இரு" என்று சொல்ல வேண்டாமே! அவங்களும் நம்மோடு பறவை பார்க்கலாம்.

முதலில் நம்ம வகுப்பு வாசலை அளப்போம். படி அரை அடி என்றால் சரிவு 6 அடி. உங்க வகுப்புக்கு எத்தனை அடி? அளந்து சொல்லுங்க!

- 9-ஆம் வகுப்பு மாணவி