எந்திர அழுக்கும் எண்ணெயின் ஆற்றலும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியில் அடுத்தடுத்து அமைந்த இரு நகரங்கள் திண்டிவனமும் விழுப்புரமும் ஆகும். புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணி வனம் என்னும் பெயரே திண்டிவனம் என மருவிற்று என்பர். இன்றோ அந்நகரைக் கடப்போர் செவியில் விழுவது புளியமரக் கிளைகளின் சலசலப்பன்று. இரவு பகலாக விரையும் வண்டிகளின் இரைச்சலே. விழுப்புரம் புகைவண்டிச் சந்திப்பாலும், 1975-ஆம் ஆண்டில் அங்கே தலைமையிடம் கொண்டு தோன்றிய அரசுப் போக்குவரத்துக் கழகத்தாலும் பெயர் பெற்றது. இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். விக்கிரவாண்டியும் கூட்டேரிப்பட்டும் இடையில் உள்ளன. வழியெங்கும் சாலையோரத்தில் மோட்டார் பட்டறைகளைக் காணலாம்.

இச்சாலையை நம்பி வாழும் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய கார் 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. காலையில் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்க்குந்தோறும் அளவு குறைந்திருக்கின்றது. சுமையோடு வேகமெடுக்கும்பொழுது வண்டியின் பின்னே நீலப் புகை எழுகின்றது. பட்டறைக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “தம்பி, என்ஜினை இறக்கித்தான் பார்க்க வேண்டும்” என்கின்றார். அதற்குப் பல பத்தாயிரம் ரூபாய் செலவாகும். வண்டியும் பல நாள் நின்றுவிடும். எண்ணெய்க் கடைக்காரரோ வேறு கூறுகின்றார். “அண்ணே, அவசரப்படாதீர்கள். இந்த எண்ணெயை ஊற்றி ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் அழுக்கெல்லாம் தானே போய்விடும்.” குடும்பத்தின் பிழைப்பே அவ்வண்டியில் இருக்க, இருவருள் எவர் சொல்லை ஓட்டுநர் நம்புவார்?

இதற்கு விடை காண, எந்திரத்தினுள் அழுக்கு எங்ஙனம் சேர்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். எண்ணெய் வெறும் வழவழப்புக்காக மட்டும் ஊற்றப்படுவதன்று. உராய்வைத் தணித்தல், வெப்பத்தை எடுத்துச் செல்லுதல், துருப்பிடியாமற் காத்தல் ஆகிய வேலைகளும் அதனுடையனவே. ஓயாத வெப்பத்தில் காற்றோடு கலந்து எண்ணெய் மெல்ல மெல்லக் கெடுகின்றது. எரிந்த எரிபொருளின் கரியும், எரியாத எரிபொருளும், நீராவியும் அதனுடன் சேர்கின்றன. நெடுஞ்சாலையில் நெடுநேரம் ஓடும் வண்டியில் எண்ணெய் நன்கு சூடேறுவதால் நீர் ஆவியாகிப் போய்விடும். கடைத்தெருவுக்கும் புகைவண்டி நிலையத்துக்குமாக ஊருக்குள்ளேயே ஓடி ஓடி நிற்கும் வண்டியில் நீர் போக வழியில்லை. ஆகவே, குறைந்த தொலைவு ஓடிய வண்டிக்குள் மிகுந்த சேறு இருப்பதும் உண்டு. இந்தச் சேறு மூடியின் அடியிலும் எண்ணெய்த் தொட்டியிலும் படியும். சூடு மிகுந்த பிஸ்டனிலோ அது சேறாக இராது. அரக்கு பூசினாற்போல் படலமாகி, நாளடைவில் கரியாக இறுகிவிடும்.

பிஸ்டனைச் சுற்றி மூன்று வளையங்கள் உண்டு. மேலே உள்ள இரண்டும் எரிவாயு கீழே கசியாமல் தடுப்பன. மூன்றாவது வளையம், உருளையின் சுவரில் மிகுதியாக ஒட்டும் எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புவது. அவ்வெண்ணெய் திரும்பிப் போவதற்குப் பிஸ்டனில் சிறு துளைகள் இருக்கும். கரி அடைத்துக்கொண்டால் துளைகள் மூடிவிடும். வளையமும் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு அசையாது நின்றுவிடும். வழிக்கப்படாத எண்ணெய் மேலேறி எரிபொருளோடு எரிந்து போகும். நீலப் புகையின் மூலம் இது. இங்கே வளையம் தேயவில்லை, உருளையும் தேயவில்லை, அழுக்கு ஒன்றே குற்றம். ஆனால் வளையமோ உருளையோ தேய்ந்து போனாலும் இதே நீலப் புகைதான் எழும். நோய் இரண்டு, குறி ஒன்று. குழப்பம் முழுவதும் இதனால் விளைவதே.

வளையம் ஒட்டும் இந்நோய் புதியதன்று. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் 1931-ஆம் ஆண்டில் டீசல் டிராக்டரை வெளியிட்டது. டீசல் எந்திரத்தின் கடும் வெப்பத்தை அக்காலத்து எண்ணெய்கள் தாங்கவில்லை. வளையங்கள் ஒட்டிக்கொண்டு, வயலில் டிராக்டர்கள் வலுவிழந்தன. எந்திரத்தை மாற்றியமைப்பதைக் காட்டிலும் எண்ணெயை மாற்றுவதே வழி என்று தெளிந்தனர். கலிபோர்னிய ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் வேதியியலார் எண்ணெயில் உலோக சோப்பு ஒன்றைக் கலந்து, 1935-ஆம் ஆண்டில் டெலோ என்னும் பெயரால் வெளியிட்டனர். அழுக்கு நீக்கும் எண்ணெய்களுக்கு அஃது ஒரு தொடக்கம். அடிப்படை எண்ணெய் ஒன்றே போதாது, அதில் கலக்கும் சேர்க்கைகளே எந்திரத்தின் ஆயுளை நீட்டுவன என்பதை எண்ணெய்த் தொழில் அதனால் உணர்ந்தது. சென்னையை அடுத்த மணலியில் 1969-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை போன்றவற்றில் பெறப்படும் அடிப்படை எண்ணெயும், இத்தகைய சேர்க்கைகள் கலந்த பின்னரே எந்திரத்துக்கு உரியதாகின்றது.

எண்ணெய் அழுக்கை நீக்குவது எங்ஙனம்? எண்ணெய் தேய்த்து முழுகுவோர் சீயக்காயால் எண்ணெய்ப் பசையை நீக்குகின்றனர். சீயக்காயில் உள்ள நுரைப்பொருளின் ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை நீரைப் பற்றும். எந்திர எண்ணெயில் உள்ள சேர்க்கையும் இத்தகையதே. ஆயின் அதன் ஒரு முனை அழுக்கைப் பற்ற, மறுமுனை எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். இச்சேர்க்கைகள் இரு வகைப்படும். ஒன்று சூடான பரப்புகளில் கரி படியாமல் காப்பதோடு, எரிதலால் உண்டாகும் அமிலத்தையும் முறிப்பது. அமிலத்தை முறிப்பதற்காக அதனுள் பொதிந்துள்ள பொருள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு, அதாவது சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் பொருளே, கண்ணுக்குப் புலனாகா நுண்துகளாக மிதப்பது. மற்றொன்று கரித்துகள்களைத் தனித்தனியே சூழ்ந்து, அவை ஒன்று கூடிச் சேறாகாதபடி எண்ணெயிலேயே மிதக்கச் செய்வது. புதிதாக ஊற்றிய எண்ணெய் சில நூறு கிலோமீட்டருக்குள் கறுத்துவிட்டதே என்று டீசல் வண்டிக்காரர் பலர் கடைக்காரரை வைவதுண்டு. பாவம், அவ்வெண்ணெய் தன் வேலையைச் செய்ததற்கே வசவு வாங்குகின்றது! கரி எண்ணெயில் மிதப்பதே அந்நிறத்துக்குக் காரணம்.

எரிபொருளில் உள்ள கந்தகமும் அமிலத்துக்கு ஒரு காரணம். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பெட்ரோலிலும் டீசலிலும் ஒரு கிலோகிராமுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருத்தல் கூடாது என்பது விதி. அதற்கு முன் பல ஆண்டு ஓடிய வண்டிகள் இதனினும் மிகுந்த கந்தகத்தை எரித்தவை.

எண்ணெய் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் தரக்குறி எதனை உறுதி செய்கின்றது என்பது பலர் அறியாதது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக்குறி பெறும் பெட்ரோல் எந்திர எண்ணெய், ஒரு சோதனையில் ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் 90 மணி நேரம் எந்திரத்தினுள் உழைக்க வேண்டும். பின்னர் பிஸ்டனைக் கழற்றி, அதில் படிந்த கரிக்கேற்ப மதிப்பெண் இடுவர். சேற்றை அளப்பதற்கும் தனிச் சோதனை உண்டு. ஆனால் இச்சோதனைகளெல்லாம் தூய எந்திரத்தில் தொடங்குவன. தூய்மையாக இருப்பதைத் தூய்மையாகவே வைத்திருக்கும் ஆற்றலை அவை அளக்கின்றன. அழுக்கேறியதைத் தூய்மையாக்கும் ஆற்றலை அளப்பதில்லை. முன்னது காத்தல், பின்னது மீட்டல். கடைக்காரர் விற்பது மீட்டல். தரக்குறி சான்று பகர்வது காத்தலுக்கே.

மீட்கும் எண்ணெய் என்று விற்கப்படுவன இல்லாமல் இல்லை. வால்வோலின் என்னும் அமெரிக்க நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் மேக்ஸ்லைஃப் என்னும் எண்ணெயை, 75,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,20,000 கிலோமீட்டர், கடந்த வண்டிகளுக்கென்று வெளியிட்டது. அதே நிறுவனம் 2024-ஆம் ஆண்டில், பிஸ்டனில் படிந்த கரியையே நீக்குவதாகக் கூறி ரெஸ்டோர் அண்டு புரொடெக்ட் என்னும் எண்ணெயை விற்கத் தொடங்கிற்று. விற்பவரே கூறும் கூற்றாதலின் அதனை அப்படியே ஏற்க வேண்டியதில்லை; முற்றும் தள்ளவும் வேண்டியதில்லை. சேர்க்கைகள் மிகுந்த எண்ணெய், மென்மையான சேற்றையும் படலத்தையும் நாளடைவில் கரைப்பது வேதியியலுக்கு ஒத்ததே. இறுகிய கரியைக் கரைப்பது கடினம்; ஒரு முறை ஊற்றி ஒரு மாதத்தில் பயன் காணலாம் என்று எண்ணுவது வீண். வளையம் மெல்ல மெல்ல நெகிழ்ந்து அசையத் தொடங்க, பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடவேண்டும்.

எண்ணெயால் ஆகாதன எவை? தேய்ந்த உலோகம் வளராது. உருளையின் சுவர் தேய்ந்து அகன்றிருப்பின், எவ்வளவு விலையுயர்ந்த எண்ணெயும் அவ்விடைவெளியை அடைக்காது. நீண்டு தளர்ந்த சங்கிலி குறுகாது. ரப்பர் அடைப்புகள் நாட்பட இறுகிக் கசிந்தால், அவற்றைச் சற்றே நெகிழச் செய்யும் பொருள் மிகுதூர வண்டிகளுக்குரிய எண்ணெயில் உண்டு; சிறு கசிவு குறையலாம். கிழிந்துவிட்ட அடைப்போ மாற்றியே தீர வேண்டியது. நெடுநேரம் நின்றிருந்த வண்டியைக் கிளப்பும்பொழுது மட்டும் நீலப் புகை எழுந்து மறையுமானால், குற்றம் பெரும்பாலும் வால்வின் அடைப்பில் இருக்கும். சுமையேற்றி முடுக்கும்பொழுது புகை எழுமானால் வளையத்தின்மேல் ஐயங்கொள்ளலாம்.

பொறுமையற்றோர் கையாளும் வழி ஒன்று உண்டு. பழைய எண்ணெயோடு மண்ணெண்ணெயையோ டீசலையோ கலந்து எந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு வடித்துவிடுவர். அழுக்கு கரையும் என்பது மெய்யே. ஆயினும் எண்ணெய் நீர்த்துப் போவதால், சுழலும் தண்டுக்கும் அதனைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே இருக்க வேண்டிய மெல்லிய படலம் அறுந்துபோகும். உலோகத்தோடு உலோகம் உரசச் சில நிமிடமே போதும். அன்றியும், ஒரே முறையில் கழன்ற சேறு எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிட்டால், எண்ணெய் அழுத்தம் இறங்கி எந்திரமே கெட்டுவிடும். அழுக்கு நீக்கும் எண்ணெய்கள் முதன்முதலில் பரவியபொழுது, பழைய எந்திரங்களில் அவற்றை ஊற்ற அக்காலத்து ஓட்டுநர்கள் அஞ்சியதும் இதனாலேயே. மெல்லக் கரைக்கும் எண்ணெயில் இவ்விடர் குறைவு. எனினும் முதல் முறை ஊற்றிய எண்ணெயை வழக்கமான தொலைவு ஓடும்வரை வைத்திராமல் முன்னதாகவே வடித்து, வடிகட்டியையும் மாற்றிவிடுதல் நன்று.

இனி, அழுக்கா தேய்வா என்பதை அறிவது எங்ஙனம்? பட்டறைகளில் உருளையின் அழுத்தத்தை அளக்கும் கருவி உண்டு. அழுத்தம் குறைந்திருந்தால், உருளையினுள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். அப்பொழுது அழுத்தம் கூடினால், குற்றம் வால்வில் இல்லை, வளையத்திலோ உருளையிலோ இருக்கின்றது என்பது தெரியும். ஆனால் அவ்வளையம் ஒட்டியதா தேய்ந்ததா என்பதை அச்சோதனையும் பகராது. எந்திரத்தைப் பிரிக்காமல் அதனை அறிய ஓட்டுநர் தாமே செய்யத்தக்க வழி, எண்ணெயை ஊற்றி அளந்து பார்ப்பதே. அழுக்கு நீக்கும் எண்ணெய் மருந்தாகப் பயன்படாவிடினும் சோதனையாகவேனும் பயன்படும்.

அளப்பதில் ஒழுங்கு வேண்டும். வண்டி சமதரையில் நின்று, எந்திரம் அணைந்து சில நிமிடம் கழிந்த பின்னரே கம்பியை உருவுதல் வேண்டும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சென்று திரும்பினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அவ்வாறு பன்னிரண்டு பதின்மூன்று நடை சென்றுவந்தால் 1000 கிலோமீட்டர் ஆகும். ஒவ்வொரு 1000 கிலோமீட்டருக்கும் எவ்வளவு எண்ணெய் ஊற்றி நிரப்பப்பட்டது என்பதை ஓட்டுநர் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். புதிய எண்ணெய் ஊற்றுமுன் எழுதிய கணக்கு இல்லையேல், பின்னர் எழுதும் கணக்கால் பயனில்லை.

இரண்டு மூன்று முறை எண்ணெய் மாற்றியபின், ஊற்றும் அளவு படிப்படியாகக் குறைந்து வருமானால், வளையங்கள் விடுபடுகின்றன என்று கொள்ளலாம், அவ்வெண்ணெயையே தொடரலாம். அளவு சற்றும் குறையாது நின்றாலோ, எந்திரத்தை இறக்குவதற்கான பணத்தை ஓட்டுநர் சேர்க்கத் தொடங்குதல் வேண்டும். பட்டறைக்காரர் அன்று சொன்னதும் பொய்யன்று.