மனு முதல் எம்-புக் வரை: நம் தெரு வேலையை முடித்துக்கொள்ளும் முறை

1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும் என்பதைப் பீரங்கியை வைத்தே தீர்மானித்தார்கள். சுட்ட குண்டு எங்கே போய் விழுந்ததோ, அதுவரை கம்பெனியின் எல்லை. அந்த வட்டத்துக்குள் வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்துவிட்டது.

இன்று நம் தெருவின் எல்லையை வார்டு வரைபடமும் துறைகளின் பதிவேடுகளும் வகுக்கின்றன. 1866-இல் நகராட்சியான கடலூர் 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. மொத்தம் 45 வார்டுகள். அதன் கடலோரப் பகுதியான தேவனாம்பட்டினம், கெடிலம் கடலில் சேரும் இடத்தை ஒட்டிய தாழ்வான மணல் பூமி. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் நேருக்கு நேர் கண்ட ஊர். இங்கே ஒரு வடிகால் அடைபட்டால் அது ஒரு வீட்டுப் பிரச்சினையாக நிற்காது, தெருவே தண்ணீரில் நிற்கும்.

அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதில் நான் கற்றது இதுதான்: உள்ளாட்சி அலுவலகத்தில் வேலை நடப்பது கோப்பின் மேல். கோப்பில் ஏறாத குறை, அதிகாரி நல்லவராக இருந்தாலும் நகராது. சரியான இடத்தில், அளவோடும் எண்ணோடும் தேதியோடும் ஏறிய குறையை யாராலும் எளிதில் ஒதுக்க முடியாது. அப்படி ஏற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. யாருடைய வேலை என்று முதலில் பாருங்கள்

வேறொரு ஊரில் நான் குடியிருந்தபோது எங்கள் தெருவிளக்கு எரியவில்லை. மூன்று மாதம் மின்வாரிய அலுவலகத்துக்கு நடந்தேன். கம்பம்தான் அவர்களுடையது, விளக்கு உள்ளாட்சியுடையது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. நடந்ததெல்லாம் வீண்.

ஆகவே முதலில் எல்லை. தெருவிளக்கு, குடிநீர், குப்பை, தெருச் சாலை, மழைநீர் வடிகால், பிறப்பு இறப்புப் பதிவு, சொத்து வரி, கட்டட அனுமதி ஆகியவை மாநகராட்சியைச் சேர்ந்தவை. மின்கம்பி தொங்கினால் மின்வாரியம். ஊருக்குள் ஓடும் சாலை என்றாலும் பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத்துறையின் வசம் இருக்கும். ஆற்றின் கரை நீர்வளத்துறையைச் சேர்ந்தது. படகு, வலை, மானிய டீசல் மீன்வளத்துறைக்குப் போகும். பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகம்.

சந்தேகம் இருந்தால் உங்கள் வார்டின் உதவிப் பொறியாளரையோ மாமன்ற உறுப்பினரையோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சாலை யார் பதிவேட்டில் இருக்கிறது?" அந்தப் பதில் கிடைத்தாலே பாதி அலைச்சல் குறையும்.

2. குறையை அளந்து எழுதுங்கள்

"வடிகால் சரியில்லை" என்பது புலம்பல். அதை மனுவாக்குவது அளவு. ஒரு நீளமான கம்பை எடுத்துக்கொண்டு தெரு வடிகாலின் ஓரமாக நடந்து பாருங்கள். பத்தடிக்கு ஒரு தடவை கம்பை உள்ளே விடுங்கள். எங்கே முழங்கை ஆழம் இறங்குகிறது, எங்கே நான்கு விரல் அளவிலேயே மணலில் குத்தி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் காற்றே மணலை அள்ளி வடிகாலில் கொட்டும். அதன்மேல் மீன் செதிலும் அறுந்த வலைத் துண்டும், பெட்டியிலிருந்து உடைந்த தெர்மாகோலும், வெள்ளிக் கடற்கரைக்கு வந்துபோனவர்கள் எறிந்த தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து பாளம் கட்டிவிடும். அடைப்பு பெரும்பாலும் சிறுபாலத்தின் அடியில்தான் இருக்கும். மேலே சிலாப் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை மீட்டர், எத்தனை குடும்பம், எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். தெருவிளக்கு என்றால் கம்பத்தில் எழுதியுள்ள எண்ணைக் குறியுங்கள். செல்போனில் இரண்டு படம் போதும்: ஒன்று கிட்டத்தில், ஒன்று தெரு அடையாளம் தெரியும்படி தூரத்தில்.

3. ஒரு மனுவில் ஒரு குறை

விளக்கும் வடிகாலும் குப்பையும் ஒரே தாளில் இருந்தால் மனு பிரிவுகளுக்கிடையே சுற்றும். விளக்கும் வடிகாலும் பொறியியல் பிரிவு, குப்பை சுகாதாரப் பிரிவு, வரி வருவாய்ப் பிரிவு. தனித்தனியாக எழுதுங்கள். மாதிரி இதோ:

பெறுநர்: ஆணையர், மாநகராட்சி அலுவலகம், கடலூர்.

பொருள்: தேவனாம்பட்டினம், இன்ன தெரு – மழைநீர் வடிகால் மணலால் அடைபட்டது – தூர்வாரக் கோருதல் – தொடர்பாக.

"வணக்கம். எங்கள் தெருவில் கோயில் எதிரிலிருந்து முக்குச் சிறுபாலம் வரை சுமார் 60 மீட்டர் நீளத்துக்கு வடிகால் மணலால் மூடியுள்ளது. சிறுபாலத்தின் அடியில் தண்ணீர் போக ஒரு சாண் இடமே உள்ளது. 14 வீடுகளின் வாசலில் கழிவுநீர் தேங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வாரி, எடுத்த மண்ணை அன்றே அப்புறப்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

"எடுத்த மண்ணை அன்றே" என்பதை விட்டுவிடாதீர்கள். வடிகால் ஓரம் குவித்துவிட்டுப் போன மண் அடுத்த மழையில் அதே வடிகாலுக்குள் இறங்கிவிடும். செய்த வேலையும் வீணாகும். கீழே தெருவார் கையெழுத்தும் கதவு எண்ணும் இருக்கட்டும். ஊர்ப் பஞ்சாயத்தின் பரிந்துரைக் கடிதத்தையும் இணைத்தால் தெருவின் குறை ஊரின் குறையாகிவிடும். மீனவ கிராமங்களுக்கு உள்ள பெரிய பலம் அது.

4. எண் வாங்காமல் திரும்பாதீர்கள்

மனுவை அறிமுகமானவர் கையில் கொடுத்துவிட்டு வருவது நம் வழக்கம். அவர் மாற்றலாகிப் போனால் மனுவும் போய்விடும். தபால் பிரிவில் கொடுங்கள். உங்கள் நகலில் சீல், தேதி, பதிவு எண் மூன்றையும் வாங்குங்கள். நேரில் போக முடியாவிட்டால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) பதிவு செய்து, சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள்.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும், முதல்வரின் முகவரித் துறைக்கு 1100-இல் சொன்னாலும் அதற்கும் எண் உண்டு. ஆனால் முதல் மனு மாநகராட்சிக்கே போகட்டும். மேலே கொடுத்த மனுவும் கடைசியில் அதே பொறியாளர் மேசைக்குத்தான் இறங்கி வரும். அப்போது உங்களிடம் ஏற்கெனவே ஓர் எண் இருந்தால் அதற்கு எடை கூடும்.

5. மாமன்ற உறுப்பினரும் பகுதி சபையும்

கிராமசபை எல்லோருக்கும் தெரியும். நகரத்துக்கும் அப்படி ஒன்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அந்தந்தப் பகுதியின் வாக்காளர் அனைவரும் பகுதி சபையின் உறுப்பினர்கள். வார்டு அளவில் மாமன்ற உறுப்பினர் தலைமையில் வார்டு குழு இயங்கும். பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும்.

கூட்டத்துக்குப் போகும்போது மனுவின் நகலையும் கொண்டுபோங்கள். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பார்த்து, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் கூட்டம் வைத்தால் மீன் விற்கப் போன பெண்கள் யாரும் வர முடியாது. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எந்த மூலையில் இருட்டு என்பதை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான். மாலையில் வையுங்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். தமிழக உள்ளாட்சிகளில் சரிபாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதன் பொருள் இந்தக் கூட்டங்களிலும் தெரிய வேண்டும்.

6. வேலைக்குப் பணம் வரும் வழி

விளக்கு மாற்றுவது, அடைப்பு எடுப்பது போன்ற சிறு வேலைகளை இருக்கிற ஆட்களை வைத்தே முடிப்பார்கள். புது வடிகால், புதுச் சாலை என்றால் வழி நீளம். பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும். நிதி ஒதுக்கி மாமன்றத்தில் தீர்மானம் ஆக வேண்டும். ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். பணி ஆணை போக வேண்டும். வேலை முடிந்ததும் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதிய பிறகே பில். எல்லோரும் 'எம்-புக்' என்று சொல்வது அந்தப் புத்தகத்தைத்தான்.

ஆகவே "வேலை என்ன ஆச்சு?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "மதிப்பீடு போட்டாச்சா? தீர்மானத்துக்குப் போச்சா?" என்று படியைச் சொல்லிக் கேளுங்கள். நிதி இல்லை என்று பதில் வந்தால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தருகிறது. வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்ப்பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலே பல சிறு வேலைகளுக்கு அது போதும்.

7. வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள்

பணி ஆணையில் நீளம், அகலம், ஆழம் எல்லாம் இருக்கும். ஓர் அளவு டேப்பை வைத்துக்கொண்டு பாருங்கள். வடிகால் கட்டி முடிந்ததும் மேட்டுப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் நிற்காமல் கடைசி வரை ஓடினால் வாட்டம் சரி. நடுவில் தேங்கினால் அங்கேயே கொசு குடியேறும். புதுக் கான்கிரீட்டுக்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும். அதன்மேல் போர்த்திய கோணிச்சாக்கு ஈரமாக இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

குறை கண்டால் வேலையாட்களிடம் சண்டை வேண்டாம். அவர்கள் கூலிக்கு வந்தவர்கள். அன்றே பொறியாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள். எம்-புக்கில் ஏறும் முன் சொன்னால்தான் பலன்.

8. பதில் வராவிட்டால்

ஒரு மாதம் பொறுங்கள். பிறகு பழைய எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம். அதற்கும் பதில் இல்லாவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் முறையீடு. அதற்கும் மேல் தமிழ்நாடு தகவல் ஆணையம்.

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகல், மதிப்பீட்டின் நகல், எம்-புக் பக்கத்தின் நகல். நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட இந்தச் சட்டம் உரிமை தருகிறது.

9. காலம் பார்த்துக் கேளுங்கள்

நவம்பரில் தூர்வாரச் சொல்லிப் பயனில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரைச் சூழ்ந்ததை நாம் மறக்கவில்லை. வடிகால் மனு ஜூலையிலேயே போக வேண்டும். ஆகஸ்டில் நினைவூட்டல், செப்டம்பருக்குள் வேலை. புது வேலைகளை வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன், ஜனவரியிலேயே கேளுங்கள். மாசி மகத்தன்று நம் கடற்கரைக்குச் சுற்றுவட்டார சுவாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார்கள், கூட்டம் அலைமோதும். குடிநீர்த் தொட்டி, தற்காலிகக் கழிப்பறை, விளக்கு, குப்பை வண்டி ஆகியவற்றுக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள்.

நாம் செய்ய வேண்டியதற்கும் காலம் உண்டு. சொத்து வரியை அந்தந்த அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும். பிறந்த குழந்தையை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமே இல்லை. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பது, வெறுங்கையால் அதைக் கிளற நேரும் தூய்மைப் பணியாளருக்கு நாம் செய்யும் மரியாதை. வரியைக் கட்டி, குப்பையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கேட்கிறவர் தலைநிமிர்ந்து கேட்கலாம்.

இதற்கெல்லாம் தனிச் செல்வாக்கு வேண்டியதில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, தெருவார் நான்கு பேர் போதும். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு உங்கள் தெரு வடிகாலில் விட்டுப் பாருங்கள். எவ்வளவு ஆழம் இறங்கியது என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். உங்கள் மனுவின் முதல் வரி அதுதான்.